மணல் பட்டை

'ஜன்னலைத் திறக்காதீர்கள்' என்று
கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்.
வர்னாவில் மார்ச் மாதம்.
கருங்கடலின் ஈரம் சாவித்துளை வழியாகவும் நுழையும்,
நுழைந்தால் ஈரப் பெயிண்ட்மேல்
பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும்.

ஆறு மீட்டர் மரக்கப்பல்.
எஞ்சின் கிடையாது, பெயர் கிடையாது.
எண் மட்டும்: நானூற்றுப் பதினேழு.
நீளத் தொட்டியில் கட்டி இழுத்து
தண்ணீர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதென்று அளப்பார்கள்.
பிறகு எந்த நாட்டிலோ
இதே உருவம் முப்பது மடங்கு இரும்பாக எழும்.
அதை நான் பார்க்கப்போவதில்லை.

கிராசிமிர் லிண்டன் பலகைகளை ஒட்டி, இழைத்து,
"வழவழன்னு இருக்கு, தீலியானா" என்று விட்டுப்போனான்.
ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன்.
அதுவரை படுத்துக்கிடந்த நார்கள் எல்லாம்
புல்லரித்த கைபோல எழுந்து நின்றன.
அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
தொட்டுப் பார்த்தான்.
மழை வரும்போலிருக்கிறது என்றான்.

மரம் ஒரு குடிகாரன்.
முதல் பூச்சைக் குடித்தது.
இரண்டாவதையும் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் மங்கலாய் நின்றது.
மூன்றாவதில்தான் வாய் மூடியது.

அப்புறம் உப்புத்தாள்.
இருநூற்று நாற்பது, நானூறு, எண்ணூறு.
வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு.
விளக்கைத் தரையில் வைத்து
சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்
பள்ளமெல்லாம் தானே ஒப்புக்கொள்ளும்.
எல்லாமும் இல்லை.
மிச்சத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்,
ஆறு மணி நேரம் தேய்த்த பிறகு
விரலுக்கும் புத்தி மழுங்கிவிடும்.
புறங்கையால் பார்ப்பேன். அதுவும் போனால் கன்னத்தால்.

அப்படிக் கன்னம் வைத்துக் கண்மூடி நின்றபோது
கணக்குப் பிரிவு ராதோஸ்தினா உள்ளே வந்துவிட்டாள்.
"கல்யாணம் எப்போ?"

மஞ்சளில் அவசரப்பட்டேன்.
பின்புற வளைவில் ஒரு வழிசல்,
மூக்கொழுகும் குழந்தைபோல.
ஈரத்தில் தொட்டால் இன்னும் கெடும்.
இரண்டு நாள் அதன் முகத்தில் விழிக்காமல் இருந்து,
தேய்த்து எடுத்து, மறுபடி அடித்தேன்.
பொறுமைசாலி என்கிறார்கள்.
பொறுமையெல்லாம் இல்லை. எரிச்சல்.
எரிச்சலையே மெல்லிசாகக் கரைத்து
ஏழு பூச்சாக அடித்திருக்கிறேன்.

காய்ந்ததா என்று மூக்குதான் சொல்லும்.
வாடை இருக்கும்வரை உள்ளே ஈரம்.
வாடை நின்ற காலையில்
யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில்
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
தடமில்லை.
கூரைக் குழல்விளக்குகள் நான்கும்
ஓர் இடத்திலும் வளையாமல் கிடந்தன
அந்த மஞ்சளுக்குள்.

பத்து மணிக்கு யாவோர் வந்தான்,
கையில் ஒரு பொட்டலம்.
"மூக்கிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி
ஒரு விரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழாக
இந்த மணலை ஒட்டணும்."

பொட்டலத்தைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.

அவன் பாவம், விளக்கினான்.
சின்னக் கப்பலில் தண்ணீர் ரொம்பச் சாதுவாக ஓடுகிறதாம்.
பெரிய கப்பலின்மேல் அது
கலைந்து, புரண்டு, தன்னையே இடித்துக்கொண்டு போகுமாம்.
இங்கேயும் அப்படிக் கலைத்துவிடாவிட்டால்
வரும் எண்ணெல்லாம் பொய்யாம்.
"அப்போ இந்த மினுமினுப்பு?"
"அதுவும் வேணும்" என்றான்.
"மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக இருந்தால்
எந்தச் சொரசொரப்பு என்ன செய்ததென்று
எப்படித் தெரியும்?"

பதில் சரியாக இருந்ததுதான் இன்னும் கோபம்.

மணலைச் சலித்தேன்.
ஒரு பருமன் மணி கண்ணில் பட்டது, மறுபடி சலித்தேன்.
ஒட்டுப்பட்டையை இரண்டு கோடாய் இழுத்து
நடுவில் பசையை நீர்க்கத் தடவி
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவினேன்.
ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்,
இடையில் வழுக்கை விழாமல்.
பட்டையை உரித்தபோது விளிம்பு
கத்தியால் வெட்டினதுபோல் நின்றது.

விரலுக்கு நம்பிக்கை வரவில்லை.
குனிந்தேன்.

மறுநாள் ராதோஸ்தினா கேட்டாள்:
"கன்னத்தில் என்ன கீறல்?
அதுக்குள்ள சண்டையா?"